சிவநேசன் சேர் எடுத்துப் போன பெட்டி

2007 ஜூலை 2, திங்கள்

விடாத மழை. தேயிலை பெக்டரியில் இரண்டாம் மோட்டார் மறுபடி சூடு. பெயரிங் மாற்ற வேண்டும். சொன்னேன், கேட்பார் இல்லை.

மாலையில் பழைய 386 கம்பியூட்டரைப் பிரித்தேன். தோட்டத்து ஒபிசில் கழித்துவிட்ட இரண்டில் இது பெரியது. போர்டில் இருந்த பேட்டரி கசிந்து, பக்கத்துச் செம்புக் கோடு இரண்டைத் தின்றிருக்கிறது. பச்சைப் பூஞ்சணம் மாதிரி. வினிகரில் துடைத்து, மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் திரையில் மெமரி ஒன்றிலிருந்து நாலு மெகாபைட் வரை. எண்ணி முடித்தது! பத்து வருசத்துப் பிணம் எழுந்து உட்கார்ந்த மாதிரி.

மனைவி சரோஜா: "வீட்டுல ஒழுகுற எடத்தப் பாக்க நேரமில்ல. இதுக்கு மட்டும் எங்கேருந்து வருதோ."

நியாயம்தான்.

ஜூலை 4, புதன்

கசிந்த பேட்டரிக்குப் பதில் டோர்ச் பேட்டரி மூன்றைக் கறுப்பு டேப் சுற்றிக் கட்டி, சிவப்பு, கறுப்பு வயர் இழுத்துப் போர்டில் கொடுத்தேன். இனி மெசினை நிறுத்தினாலும் உள்ளே கடிகாரம் ஓடும்.

சிவநேசன் சேர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்கூலில் கணக்குப் படிப்பிக்கிறார். லிந்துலை கடைவீதியில் நிசாம் நானா கடைக்கு மேலே அறை. இந்தப் பைத்தியம் எனக்கு அடுத்து அவருக்குத்தான். பரீட்சைத் தாள் அடிக்க மெசின் தேவையாம். மொனிட்டர் அவர் அறையில் இருக்கிறது.

"பெட்டி துருப்பிடிச்சிட்டுதே, தங்கவேல். எப்பிடிக் கொண்டுபோறது?"

"பிஸ்கட் பெட்டியில வச்சுத் தர்றேன் சேர். கொண்டு போங்க."

அட்டைப் பெட்டியில் போர்ட், பவர் சப்ளை, பேட்டரிக் கட்டு. நானே கயிறு கட்டிக் கொடுத்தேன். குடைக்குள் அதைத்தான் பிடித்தார், அவர் நனைந்தார்.

ஜூலை 5, வியாழன்

பகல் இரண்டு மணிக்கு நிசாம் நானா பெக்டரிக்குப் போன் பண்ணினார்.

"தங்கவேலு, காலையில ரவுண்டப், பொலிசு கடவீதிய வளைச்சுத் தேடுச்சு. சேரக் கொண்டு போயிட்டாங்க. அந்தப் பெட்டியத் தொறந்து பாத்தாங்க. வயரு, பேட்டரி... குண்டுன்னுட்டாங்கப்பா."

போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். பெக்டரிப் பொறுப்பிலுள்ள டீமேக்கர் ஐயா என்னவென்று கேட்டார். மோட்டார் என்றேன்.

கட்டியது நான். டேப் என்னுடையது.

ஜூலை 6, வெள்ளி

பொலிசுக்குப் போகவில்லை.

சட்டை மாட்டினேன். சரோஜா வாசலில் குறுக்கே நின்றாள். "போகாதீங்க. போனா ஒங்களையும் சேத்து உள்ள வச்சுருவாங்க. சேரு படிச்ச மனுசன், பேசி வந்துருவாரு. நம்ம பேச்ச யாரு கேக்குறா?"

அவள் தடுத்ததால் போகவில்லை என்று எழுதினால் பொய். தடுக்கட்டும் என்றுதான் மெதுவாகப் பொத்தான் போட்டேன்.

அடுத்து எங்கள் குவாட்டர்ஸ்தான் என்று தோன்றியது. வீட்டில் இருந்த மற்ற மெசின் (286), வயர், பழைய போர்டுகள், எல்லாவற்றையும் சாக்கில் போட்டேன். பெக்டரி அடுப்பில் எரிக்க நினைத்தேன். பிளாஸ்டிக் நாற்றம் தேயிலையில் ஏறிவிடும், அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பின்னால் குப்பைக் குழியில் இறக்கி, மேலே கழிவுத் தேயிலையை வாரிப் போட்டேன். மொனிட்டரை மட்டும் மனசு வராமல் கட்டிலுக்கு அடியில்.

ஆறு வருசத்து வேலை. கால் மணி நேரம் ஆனது.

ஜூலை 8, ஞாயிறு

மழை. நானா முச்சக்கரவண்டி பிடித்து வந்தார். பொலிசில் இன்ஸ்பெக்டரைப் பார்த்திருக்கிறார்.

"கம்பியூட்டர்னு சொல்லிட்டேன். எங்க ஒபிஸ் கம்பியூட்டர் இப்பிடியா இருக்குன்னு கேக்குறாரு. இதே மாதிரி ஓடுற ஒண்ணக் கொண்டாந்து காட்டுன்றாரு. ஒங்கிட்ட இன்னொண்ணு இருக்குதே, நல்லா ஓடுற ஒண்ணு?"

சரோஜாதான் சொன்னாள்: "குழியில கெடக்கு நானா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தொப்பியைக் கழற்றி மழைத்தண்ணீரை உதறிவிட்டு, "தோண்டுவமா?" என்றார்.

தோண்டினோம். சரோஜாவும் மண்வெட்டி எடுத்தாள். சாக்கு முழுக்கத் தண்ணீர். போர்டின் இடுக்கெல்லாம் தேயிலைச் சேறு.

ஜூலை 10, செவ்வாய்

வேலைக்கு நடுவில் செய்தவை:
போர்டை நல்ல தண்ணீரில் கழுவினது. டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் வாங்கி, பல் விளக்கும் பிரஷ்ஷால் சிப்புகளின் கால் ஒவ்வொன்றாகத் தேய்த்தது. கொழுந்து வாட்டும் தொட்டியின் ஓரத்தில், காற்று வரும் இடத்தில் நேற்றிலிருந்து காயப்போட்டது. (டீமேக்கர் ஐயா பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொழுந்தைக் கொஞ்சம் தள்ளிப் பரப்பச் சொன்னார்.)
ஹார்ட் டிஸ்க் போயிற்று. பிளொப்பியில்தான் கிளப்ப வேண்டும்.

முதல் தடவை, சத்தமே இல்லை. இரண்டாவது, மூன்று பீப். மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஐந்தாவது தடவை எழுத்து வந்தது. அழுதேனா, தெரியாது. சரோஜா துணி கொண்டுவந்து கொடுத்தாள்.

நாளை லீவு சொல்லியாயிற்று.

ஜூலை 11, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நானாவும் நானும் மெசினையும் மொனிட்டரையும் தூக்கிக்கொண்டு போனோம். பத்தரை மணி. இன்ஸ்பெக்டர் சின்ன வயது, சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். மேசையைக் காலி பண்ணிக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டேன். திரையில் மெமரி எண்கள் ஏறின. 640இல் நின்றது. நாலைந்து பொலிஸ்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் விளையாட்டு இருக்கா என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் லேசாகச் சிரித்தார். "ஹரி", சரி என்றார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு அலுமாரியிலிருந்து அந்தப் பேட்டரிக் கட்டை எடுத்து வைத்தார். யார் கட்டியது?

"நான்தாங்க சார். கடிகாரம் ஓடுறதுக்கு." நானா சிங்களத்தில் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் பைலைப் புரட்டினார். பெட்டியும் கட்டும் தன்னுடையது, தானே கட்டியது, வேறு யாருக்கும் தொடர்பில்லை என்று சேர் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்து வைத்திருக்கிறார்.

"இப்ப நீ உன்னோடதுன்றே. ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய். அவன் ஒரு விசயத்துல பொய் சொன்னா, மத்ததுலயும் சொல்லியிருப்பான்."

என்னைக் காப்பாற்றத்தான் சேர் அப்படிச் சொன்னார் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

சேரைப் பார்க்கலாமா என்று கேட்டோம். இங்கே இல்லை. நேற்றுக் காலை கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்றுக் காலை நான் போர்டைக் காயப்போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை போயிருந்தால் சேர் அங்கேயே இருந்திருப்பார். மெசினும் நனைந்திருக்காது.

என் வாக்குமூலத்தைக் கொழும்புக்கு அனுப்புவார்களாம். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று நானா கேட்டார். தெரியாது என்றார் இன்ஸ்பெக்டர். பொய்யில்லை, அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிறுதோறும் நான் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மெசினை வைத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் நானா எனக்கும் டிக்கெட் எடுத்தார். இறங்கும்போது, "நீ போனது சரிதான்" என்றார். "பிந்திப் போனோம்" என்று சொல்லவில்லை.

ஜூலை 14, சனி

வெயில். இரண்டு வாரத்தில் முதல் தடவை. லயத்து வரிசை வீட்டு வாசல்களெல்லாம் துணி.

சேரைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்க நானா கடைக்குப் போனேன். ஒன்றும் இல்லை. அப்போது போன் அடித்தது. நானா எடுத்து, இரண்டு வார்த்தை கேட்டு, என்னிடம் நீட்டினார். சேரின் மனைவி. சண்டையால் பாதை மூடியிருக்கிறதாம், யாழ்ப்பாணத்திலிருந்து வர வழியில்லை. மூன்று நாளாக லைன் கிடைக்கவில்லையாம்.

"அவர் எங்கை எண்டாவது சொல்லுங்கோ. சாப்பிடுறாரோ? அவருக்கு முட்டு வருத்தம், மருந்து குடுத்துவிட்டவையளோ?"

தெரிந்ததைச் சொன்னேன். கொழும்பு என்றேன். மருந்து பற்றித் தெரியாது. அறையில் மேசைமேல் இன்ஹேலர் இருந்ததை நானா முன்பே சொல்லியிருந்தார். அதைச் சொல்லவில்லை.

பிறகு கேட்டார்:

"தங்கவேல் எண்டு ஒராளைப் பற்றிக் கடிதத்திலை எழுதுறவர். தனக்கு அங்கை ஒரு சகோதரம் மாதிரி எண்டு. அது நீங்களோ?"

"இல்லீங்க" என்றேன். "நான் சாமான் வாங்க வந்தவன்."

நானா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.