கசப்பை அளக்கப் போனவள்

இன்று காலை தாமுவே பஜாரில், சோற்றுக்கடைக்காரி பாகற்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை ஏறியதும் நடுச்சந்தையில் நின்று தனியாகச் சிரித்துவிட்டேன். மீன்காரம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகியும் உன் தொல்லை விட்டபாடில்லையடி.

பர்மாவில் ராணுவம் மூடி வைத்திருந்த பல்கலைக்கழகம் திறந்து, ஒருவழியாக நாம் இருவரும் இயற்பியல் பட்டம் வாங்கினோம். உனக்கு ஜப்பானில் துகள்களை மோதவிடும் கூடம் ஒன்றில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. உன் அத்தாதான் அசையவில்லை. "அங்க போயி என்ன செய்யப் போறேன்னு எனக்கு வெளங்கணும். வெளங்காத வேலைக்கு எம் மகளை அனுப்ப மாட்டேன்" என்று தன் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். உனக்கோ யோசனையெல்லாம் பர்மியத்தில்தான் ஓடும், தமிழ் தட்டுத் தடுமாறி வரும். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு துகள்கற்றைகள் எதிரெதிரே பாய்ந்து வரும். மோதும் இடத்தில் அவற்றை நூலைவிட மெல்லிசாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் துகள்கள் முட்டாமலே விலகிப் போய்விடும் என்றாய். அத்தா தலையாட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்த எடத்துல கத்தையோட கசப்பு எவ்வளவு சின்னதுன்னு அளக்கணும் அத்தா. அதான் என் வேலை."

"கசப்பை அளக்கவா ஜப்பான் போறே? பாகக்கா நம்ம பஜார்லயே கெடக்கே!"

எனக்கே ஒரு கணம் புரியவில்லை. கற்றை மிகவும் மெலிகிற இடத்துக்கு இடுப்பு என்று பெயர். பர்மியத்தில் இடுப்புக்கும் கசப்புக்கும் ஒரே சொல், 'கா'. நீ அதைத் தமிழாக்கிய லட்சணம் அது.

"இடுப்பு மாமா, இடுப்பு!" என்று அவர் லுங்கி முடிச்சைக் காட்டினேன். குனிந்து தன் தொந்தியைப் பார்த்தார். "அப்ப இதை அளக்க ஜப்பான்காரனாலயும் ஆகாது" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நீ முகத்தைப் பொத்திக்கொண்டாய். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தவர், "எனக்கு இன்னும் வெளங்கலதான். ஆனா சொல்லும்போது உன் மொகத்தைப் பார்த்தேன். போயிட்டு வா" என்றார். உன்னைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

கற்றையின் குறுக்கே மெல்லிய கம்பியை நகர்த்தி முதன்முதலில் அளந்த அன்று, நீ கடைக்குப் போன் செய்தாய். "எம் மக கசப்பை அளந்துட்டா!" என்று அத்தா தெருவுக்கே தேநீர் வாங்கித் தந்தார்.

போன வாரம் என் மகள் சிங்கப்பூரில் படிக்கப் போக வேண்டும் என்றாள். கம்ப்யூட்டரில் ஏதோ படிப்பாம். மூச்சு விடாமல் விளக்கினாள். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பாதியிலேயே சரி என்றேன்.

"நான் இன்னும் சொல்லியே முடிக்கலையேம்மா" என்று விழித்தாள். அவளுக்கு எங்கே தெரியும், அந்தச் சம்மதத்தை நீ என்றைக்கோ வாங்கி வைத்துவிட்டாய் என்று.