கேட் அசைந்தால் போகும் படம்

பிப்ரவரி 16, திங்கள். புத்தூர்.

பிச்சாட்டூர் ஆற்று மணல் செய்தி எழுதி முடித்தாயிற்று. குத்தகைக்காரர் ஜெகநாதனின் விளக்கம் மட்டும் பாக்கி. கேட்டிருந்தேன். இன்று அவருடைய ஆள் ஒருவன் போனில் பேசினான். “நீ பாட்டுக்கு ஊர் ஊரா சுத்திக்கினு கீற. ஊட்ல அம்மா தனியாத்தானே கீறாங்க, சார்?”

ஒரே வாயில் ‘நீ’, ‘சார்’ இரண்டும்.

மனைவி சுலோசனாவிடம் மறைக்கவில்லை. “கேமராதான் கீதே, இன்னா பயம்?” என்றாள். சொன்னவள் வாசல் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்.

அமாவாசை. கேட்டுக்கு மேலே பழைய பூசணிக்காயை இறக்கிவிட்டுப் புதிது கட்டினாள். திருஷ்டிக்கு இவ்வளவு பெரிய காய் இதுவரை வாங்கியதில்லை.

பிப்ரவரி 18, புதன்.

மாலையில் டி.வி.யில் கேட் கேமராவின் கட்டம் கறுப்பு. நடுவில் ‘வீடியோ லாஸ்’. மற்ற மூன்றும் சரி. சற்று நேரத்தில் படம் தானாக வந்தது.

பதிவை ஓட்டிப் பார்த்தேன். கேட் மெல்ல உள்பக்கம் அசைகிறது. உடனே இருட்டு. படம் திரும்பும்போது கேட் சாத்தியிருக்கிறது, யாரும் இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்.

இன்றும் அதே. கேட் அசைந்ததும் படம் போகிறது. தெரிந்தவன் செய்கிற வேலையா?

கேமரா மாட்டிய கிஷோர் காளஹஸ்தியில் திருவிழா வேலையில் இருக்கிறான். போனிலேயே வழி சொன்னான். “ரெக்கார்டர் பெட்டிக்குப் பின்னால கேட் ஒயரைப் புடுங்கி, கொல்லைப்பக்கத்து ஒயர் இருக்கிற இடத்துல சொருகுங்க சார். அதை இதுல போடுங்க.”

மாற்றினேன். சுலோசனாவை அனுப்பிக் கேட்டை ஆட்டச் சொன்னேன். கறுப்பு இப்போது கொல்லைப்பக்கத்துக் கட்டத்தில் வந்தது.

“அப்போ பெட்டி நல்லாத்தான் கீது. ஒயர்ல, இல்லாட்டி கேமராண்ட. ஏறிப் பாக்கணும். நீங்க ஏறாதீங்க சார், வயசாவுது” என்றான் கிஷோர்.

ஒயர் என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வேறென்ன?

சுலோசனாவைச் சித்தூருக்கு, மகள் ரூபா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பத்திரிகையின் திருப்பதி அலுவலகத்தில் வெங்கடரமணனிடம், செய்தியை இப்போது கேட்காதே என்றேன். காரணம் கேட்டான். சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி.

தூக்கமில்லை. எழுதவும் இல்லை.

பிப்ரவரி 21, சனி.

ஏணி போட்டு ஏறினேன்.

பூசணிக்காய்!

கயிறு கேட்டுக்கு மேலுள்ள இரும்பு வளைவில் இல்லை, கேமரா ஒயரில் கட்டியிருக்கிறது. காயின் கனத்தில் ஒயர் இணைப்பு பாதி கழன்று தொங்குகிறது. கேட் அசைந்தால் வளைவு ஆடும், காய் ஆடும், படம் போகும். காயை அவிழ்த்தேன். இணைப்பைத் திருகி இறுக்கினேன். கேட்டை ஓங்கிச் சாத்தினேன். உள்ளே போய்ப் பதிவைப் பார்த்தேன், படம் போகவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மஞ்சு எட்டிப் பார்த்தாள். சாயங்காலம் கேட்டைத் திறந்தது யார் தெரியுமா என்றேன். “நான்தாண்ணா. கறிவேப்பிலை ஒடிச்சிக்கினு போனேன். அதுக்குமா கேமரா?”

சுலோசனாவுக்குப் போன் செய்தேன். “வளைவு எட்டலீங்க. அந்தக் கறுப்பு ஒயருதான் கைக்கு வந்துச்சி” என்றாள். பிறகு இருவரும் சிரித்தோம். நாளை வருகிறாள்.

வெங்கடரமணனுக்குப் போன் செய்யவில்லை. ஏன்? ஒயரில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. போனில் பேசியவனின் குரல் மட்டும் காதிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்.

இருவரும் மார்க்கெட் போய்த் திரும்பினோம். கேட் கட்டம் கறுப்பு. காய் வாசற்படிக்கு மேலே ஆணியில் அசையாமல் தொங்குகிறது.

சுலோசனா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். “மறுபடி கழண்டுக்கிச்சா?”

“இல்ல. வெட்டியிருக்காங்க.”

உள்ளே வந்து பதிவை ஓட்டினேன். கேட் அசைகிறது. இம்முறை படம் போகவில்லை. ஒருவன் எங்கள் மதில்மேல் ஏறுகிறான், கையில் கட்டிங் பிளேயர். ஒயரைத் தேட முகத்தை நிமிர்த்துகிறான். ஆற்றங்கரையில் லாரிக்குப் பக்கத்தில் நான் பார்த்த முகம். அதற்குப் பிறகுதான் இருட்டு.

சுலோசனா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போலீசுக்கு இதைக் குடுக்கலாம். நீ திரும்ப ரூபா வீட்டுக்குப் போயிடு” என்றேன்.

“நான் எங்கியும் போறதா இல்ல. மணல் செய்திய பேப்பருக்கு அனுப்பிச்சிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“மொதல்ல அத்த அனுப்புங்க.”

ஜெகநாதன் பதிலளிக்கவில்லை என்று கடைசி வரி சேர்த்து அனுப்பினேன்.