ஆடியில் மட்டும் திண்டிவனம்

அத்தை,

இன்று காலை ஷிப்ட் முடிந்து ரயில் என்ஜின் ஷெட்டை விட்டு வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் அண்டா வைத்துக் கேப்பைக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புளித்த கூழின் வாசனை, அதோடு நறுக்கின வெங்காயம், கருவாட்டுக் குழம்பு. ஆடி பிறந்துவிட்டது என்று காலண்டர் பார்க்காமலே தெரிந்தது. கையெல்லாம் எண்ணெய். அப்படியே ஒரு சொம்பு வாங்கி நின்றபடி குடித்தேன்.

உங்கள் கூழ்போல இல்லை. வீட்டுக்கு வந்து தனத்திடம் சொன்னேன். "எங்கம்மா கூழு கட்டி கட்டியா இருக்கும். அன்னிக்கு மொணமொணத்துக்கினே குடிச்சீங்க, இப்போ ருசியாயிடுச்சா?" என்றாள். உங்கள் மகள் வேறு எப்படிப் பேசுவாள்.

எனக்குக் கடிதம் எழுத வராது. எந்த என்ஜினில் எது பழுது, எதை மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதுவேன். அதிலேயே போர்மேன் பிழை கண்டுபிடிப்பார். இருந்தாலும் இன்றைக்கு உங்களிடம் பேசியாக வேண்டும். ஆடி மாதத்தில் நம் இருவருக்கும் நடந்த சண்டையை வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

நான் பாண்டிச்சேரியில் பிறந்தவன். மில்லில் என்ஜின் பிட்டர் வேலை கற்றவன். பெற்றவர்கள் இல்லை. விழுப்புரத்தில் நீங்கள் ஒரே பெண்ணை வைத்திருந்தீர்கள். மாமா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. மல்லாட்டைக் கொல்லையை விட்டுவிட்டு வரமுடியாது, மாப்பிள்ளைதான் வீட்டோடு வந்து இருக்கவேண்டும் என்றீர்கள். மில்லும் மூடுகிற நிலையில் இருந்தது. சரி என்றேன். திருவாமாத்தூர்க் கோயிலில் வைகாசியில் கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் நான் உங்களிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "எங்க கையெழுத்து போடணும்?"

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் மேரி என்கிற நகரசபைக் கச்சேரிக்குப் போய்ப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"கழுத்துல மூணு முடிச்சு போட்டாச்சு. இன்னும் இன்னா கையெழுத்து? வந்து சோறு துன்னுங்க."

பாண்டிச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் ஏறினால் தூங்குவதற்குள் இறங்கிவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் பிரெஞ்சு ராஜ்யம், இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ராஜ்யம். நடுவில் சுங்கச் சாவடி. போதாக்குறைக்கு அந்த வருஷம்தான் ஜெர்மன் சண்டையில் பிரான்சு விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. பாண்டிச்சேரி இனி யார் பக்கம் என்று பாண்டிச்சேரிக்கே தெரியாத மாதங்கள் அவை. லோகோ ஷெட்டில் என் கைவேலையைப் பார்த்துவிட்டு போர்மேன் உடனே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் நான் அயல் ராஜ்யத்துப் பிரஜை. விழுப்புரத்தில் குடும்பத்தோடு நிலையாகக் குடியிருக்கிறேன் என்று சர்க்கார் சான்று வேண்டும். ஜூலைக் கடைசிக்குள் காகிதம் வந்தால் வேலை, வராவிட்டால் வேறு ஆள். அது மட்டும் இல்லை. சான்று கிடைக்காதவன் சாவடி தாண்டித் திரும்பிப் போகவேண்டும். தனத்துக்கு அங்கே போய்ச் சேர எந்தக் காகிதமும் கிடையாது. அவளும் நீங்களும் இங்கே, நான் அங்கே. இந்தப் பயத்தை உங்களிடம் சொல்லவில்லை, சிடுசிடுவென்று இருந்தேன், அவ்வளவுதான்.

தாலுக்கா கச்சேரியில் மனுக் கொடுத்தேன். விசாரணைக்கு ஆள் வரும், வீட்டில் இருங்கள் என்றார்கள். நானும் வாசலையே பார்த்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன்.

ஆனி கடைசி நாள் அன்று என் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தீர்கள்.

"மாப்ளே, நாளைக்கு ஆடி பொறக்குது. திண்டிவனத்துல எந்தம்பி வூட்ல ஒரு மாசம் இருந்துட்டு வாங்க."

"ஆடிக்குப் பொண்ணைத்தானே அம்மா வூட்டுக்கு அனுப்புவாங்க?"

"பொண்ணு அம்மா வூட்லதான் இருக்குது. அப்போ யாரு போவணும்?"

"விசாரணைக்கு ஆளு வரும் அத்தை. நான் இங்க இருக்கணும்."

"வர்ற ஆளு வந்துட்டுப் போவட்டும். ஆடியில ஒண்ணா இருந்து சித்திரை வெயில்ல புள்ள பொறந்தா, நீங்களா பக்கத்துல உக்காந்து விசிறிக்கினு இருப்பீங்க?"

அடுக்களையில் தனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வாதாடினேன். நான் ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னேன். ஒரே ஊரில் இருந்தால் அது ஆடி இல்லை என்றீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோபத்தோடு ரயிலேறினேன். உங்கள் தம்பி திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆடி மாப்பிள்ளை என்று அந்தத் தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம், "மாப்ளே, ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பஞ்சர் போட்டுக்கொண்டான்.

நான் பயந்தபடியே ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். நடந்ததைத் தனம் பிறகு சொன்னாள்.

"இந்த வீட்ல உங்க மாப்பிள்ளை இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க."

"எங்க போனாரு?"

"அனுப்பிட்டோம்."

அவ்வளவுதான் நீங்கள் சொன்னது. முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம், பக்கத்தில் பெண் தலைகுனிந்து நிற்க, ஆடி விஷயத்தை எப்படி விளக்குவீர்கள்? அவரும் மரியாதைக்காரர். ஏதோ குடும்பச் சண்டை, மாப்பிள்ளையைத் துரத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, உங்கள் மனம் நோகக்கூடாதென்று மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் அவருக்கு மோர் வேறு கொடுத்தீர்களாம்.

பத்து நாள்கூட ஆகவில்லை, மனு தள்ளுபடி. விண்ணப்பதாரர் மேற்படி வீட்டில் வசிக்கவில்லை, மாமியார் வீட்டாருடன் உறவு இல்லை, ஊருக்குத் திரும்பவேண்டும். அந்தக் காகிதத்தை நீங்களே எடுத்துக்கொண்டு காலைப் பாசஞ்சரில் திண்டிவனம் வந்து இறங்கினீர்கள். யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். சைக்கிள் கடை வாசலிலேயே நான் கத்தினேன்.

"ஒரே வார்த்தை அத்தை. 'திண்டிவனம் போயிருக்காரு, வந்துடுவாரு'ன்னு சொல்லியிருந்தா போதும். எல்லாம் கெட்டுது."

"ஆமா, கெட்டுது. கத்தி முடிச்சாச்சா? தண்ணி குடிங்க. சட்டையை மாட்டிக்கினு வாங்க, கச்சேரிக்குப் போவலாம். அங்க நீங்க பேசாதீங்க, பேச்சை நான் பாத்துக்கறேன்."

எங்கள் தாலுக்காவுக்கு மேல் கச்சேரி, திண்டிவனத்து டிவிஷன் கச்சேரிதான். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு தடவை எழுந்து குமாஸ்தாவிடம் சண்டைக்குப் போனேன். இரண்டு தடவையும் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தீர்கள். மடியிலிருந்து வறுத்த மல்லாட்டையை எடுத்து, ஓட்டை உடைத்துக் கடலையைக் கையில் வைத்தீர்கள். வாயில் மல்லாட்டை இருந்தால் பேச முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

டிப்டி கலெக்டர் வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டவர்தான், கண்ணாடிக்காரர். காகிதத்தைப் புரட்டிவிட்டு, "இல்லைன்னு நீங்களேதானே அம்மா சொல்லியிருக்கீங்க?" என்றார்.

"ஆமா சாமி, நாந்தான் சொன்னேன். இல்லாத ஆளை இருக்காருன்னு சொல்லலாமுங்களா?"

"அப்போ இந்த ஆர்டர் சரிதானே?"

"அவரு ஏன் இல்லேன்னு யாரும் கேக்கலீங்களே. இது இன்னா மாசம் சாமி?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஓரத்து மேசைக் குமாஸ்தா தலையை நிமிர்த்தினான்.

"கல்யாணம் வைகாசியில. மொத ஆடி. பொண்ணு எங்கிட்ட இருக்குது. இவரையும் வூட்ல வச்சிக்கினா ஊரு சிரிக்கும். அதான் எந்தம்பி வூட்டுக்கு அனுப்பிட்டேன். வூட்ல இருக்கற ஆளைத்தான் சாமி அனுப்ப முடியும். இல்லாதவரை எப்படி அனுப்பறது? தாலி கட்டலேன்னா ஆடிக்கு ஏன் பிரிக்கறேன்? வேற சாட்சி எங்கிட்ட இல்லீங்க."

ஆடி பிறந்ததிலிருந்து எனக்கு எரிச்சல் மூட்டிய அதே விஷயத்தை எடுத்து, ஒரு போல்ட்டை மறுபுறம் திருப்புவதுபோல் திருப்பிவிட்டீர்கள். நான் வீட்டில் இல்லாததே நான் அந்த வீட்டுக்காரன் என்பதற்கு அத்தாட்சி ஆகிவிட்டது.

டிப்டி கலெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"எங்க வீட்லயும் பொண்ணு வந்து உக்காந்திருக்கா. மாப்பிள்ளை தினம் ஒரு கடுதாசி போடறான், தபால்காரன் காலு தேயுது."

"எம் பெண்டாட்டியும் போயிருக்குதுங்க. ஓட்டல் சோறு பேஜாரா இருக்குது," என்றான் ஓரத்துக் குமாஸ்தா, கேட்காமலே.

"மறுபடி விசாரிக்கச் சொல்லணும்தான். ஆனா ஆடி முடியறவரைக்கும் ஆளு போனாலும் அதே பதில்தான் வரும், இல்லையா அம்மா?" என்றார் டிப்டி கலெக்டர்.

"அதேதான் சாமி. கேட்டா இல்லேன்னுதான் சொல்வேன்."

அவர் பழைய உத்தரவின் குறுக்கே கோடு இழுத்தார். "சரி, வாசஸ்தலம் எந்த ஊருன்னு எழுதறது?"

"எழுதிக்கிங்க. விழுப்புரம். ஆடியில மட்டும் திண்டிவனம்."

அதையும் அப்படியே எழுதச் சொன்னார் அந்த மனுஷன்.

அதோடு முடிந்ததா? ஓரத்துக் குமாஸ்தா, "டைப் மிஷின் நவுர மாட்டேங்குது, ரிப்பேர்க்காரன் வரணும், அடுத்த வாரம் வாங்க," என்றான். அடுத்த வாரம் என்றால் ஜூலை முடிந்துவிடும். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். தாள் வைத்த வண்டியை இழுக்கும் நாடா, சுருள்வில்லின் உருளையிலிருந்து கழன்று கிடந்தது. பையில் எப்போதும் இருக்கும் சின்ன ஸ்குரூ டிரைவரால் மாட்டி, வில்லை இரண்டு சுற்று முறுக்கி விட்டேன். வண்டி டிங் என்று மணியடித்தது.

"எங்க மாப்ள," என்றீர்கள் நீங்கள், கச்சேரி முழுக்கக் கேட்கும்படி. "பாண்டிச்சேரியில படிச்சவரு." அதுவரை ஒருநாளும் என் படிப்பை நீங்கள் மெச்சியதில்லை. நான் சரிசெய்த மிஷினில் என் உத்தரவே முதலில் அடிக்கப்பட்டது. முத்திரை விழுந்தது.

இருவரும் ஒரே ரயிலில் விழுப்புரம் வந்தோம். வழியெல்லாம் நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மயிலம் முருகன் பக்தர் ஒருவர், காரணம் தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார். ஸ்டேஷனில் இறங்கி நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். நீங்கள் குறுக்கே நின்றீர்கள்.

"எங்க போறீங்க?"

"வூட்டுக்கு. நான் அங்க குடியிருக்கறேன்னு சர்க்காரே சொல்லியாச்சு."

"சர்க்கார் சொல்லுச்சு. ஆடி இன்னும் முடியலியே. நேரா ஷெட்டுக்குப் போயி வேலையைக் கேளுங்க. போனாப் போவுது, அங்கயே படுத்துக்கிங்க. சோறு அனுப்பறேன்."

முத்திரை குத்திய குடியிருப்புச் சான்றைப் பையில் வைத்துக்கொண்டு, குடியிருக்கும் வீட்டுக்குள் போக முடியாமல் ஷெட்டில் பாய் விரித்துப் படுத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போர்மேன் காரணம் கேட்டார். சொன்னேன். அன்று முழுவதும் வேலை ஓடவில்லை, சிரிப்புத்தான் ஓடியது. தினமும் தூக்குச்சட்டியில் கூழ் வந்தது. அடியில் கட்டி கட்டியாகக் கிடந்தது. ஒரு நாள் சட்டி மூடியில் மல்லிகைச் சரத்தின் ஒரு கண்ணி ஒட்டிக்கொண்டிருந்தது. அது நீங்கள் வைத்ததா, உங்களுக்குத் தெரியாமல் தனம் வைத்ததா என்று இன்றுவரை இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஆவணி முதல் நாள் விடிவதற்கு முன்பே உங்கள் வாசலில் நின்றேன். கதவைத் திறந்து, "ஜல்தியா வந்துட்டீங்களே," என்றீர்கள். ஆரத்தித் தட்டு ஏற்கெனவே கையில் இருந்தது.

அடுத்த வைகாசிக் கடைசியில் பெண் பிறந்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலை மடக்கி மாதத்தை எண்ணினீர்கள், என்னைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். அந்தத் திருப்தியை வேறு எந்த மேலதிகாரி முகத்திலும் நான் கண்டதில்லை. அவளுக்கு ஒவ்வொரு ஆடியிலும் இந்தக் கதையைச் சொன்னவர் நீங்கள். ஒவ்வொரு வருஷமும் டிப்டி கலெக்டர் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார். போன தை மாதக் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட, பாதிக் கதை சொல்லி இருமல் வந்து நிறுத்தினீர்கள். மீதியை அவளே சொல்லி முடித்தாள். ஒரு வார்த்தை தவறவில்லை. நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்கப்புறம் நெடுநாள் இருக்கவில்லை நீங்கள்.

வெள்ளைக்காரன் போய்விட்டான் அத்தை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். அதனால் போன வாரம் ஷெட் ஆபீசில் மறுபடியும் என்னைக் கூப்பிட்டார்கள். புதுக் குமாஸ்தா, மீசை இப்போதுதான் முளைக்கிறது. பழைய முத்திரை செல்லாது, திரும்ப எழுதவேண்டும் என்றான். நீங்க இந்தியாவா, பிரெஞ்சா, நிலையான ஊர் எது என்று கேட்டான். எனக்குச் சுரீர் என்று ஏறியது. வாயைத் திறந்தேன். அப்போது என் சட்டையை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல இருந்தது. பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"எழுதிக்க தம்பி," என்றேன். "விழுப்புரம். ஆடியில மட்டும் திண்டிவனம்."

அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அது எப்படிங்க?" என்றான். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.