விசிலுக்கு முன் எழுந்த கை

மாப்ள,

இன்று காலை முழங்காலுக்குத் தேய்க்கலாமென்று தைலப் புட்டியைத் திறந்தேன். அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். அதற்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "தேய்ச்சது காயிறதுக்குள்ள எங்க ஓட்டம்?" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரியின் சத்தம். என்னவென்று சொல்ல? பேசாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் கூடைப்பந்து ஆட்டம் என்றால் எனக்கு முதலில் இந்த வாடைதான். இளவட்டங்கள் ஆடினால் மைதானத்தில் வேர்வை நாறும். நம் ஆட்கள் இறங்கினால் ஆட்டம் தொடங்கும் முன்பே தைலம் மணக்கும். மூக்குக்கண்ணாடியை நாடா போட்டுத் தலைக்குப் பின்னால் கட்டியவர்கள் பாதிப் பேர். பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, ஸ்கோர் மேசையில் ஒப்படைத்துவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு. ஆபீஸில் வயதைக் குறைத்துச் சொன்ன அதே ஆட்கள் டீமில் சேர்வதற்காகக் கூட்டிச் சொன்னார்கள். "மீசைக்கு மை போட்டு வந்தவன்லாம் வெளிய நில்லுங்கடா" என்று நீ கத்துவாய். தந்தி ஆபீஸ் வேலை முடிந்த கையோடு விசிலை மாட்டிக்கொண்டு ரெஃப்ரியாக வரும் எனக்கு இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

அதிலும் கை தூக்க வைப்பது இருக்கிறதே! ஃபவுல் செய்தவர் மேசையைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும் என்பது விதி. நம் டீமில் இருந்த ஹெட்மாஸ்டரும் காண்ட்ராக்டரும் பள்ளிப் படிப்பை விட்ட பிறகு யார் முன்னாலும் கை தூக்கியதில்லை. "நானா? நான் எங்கங்க தொட்டேன்?" என்று என்னிடம் வம்புக்கு நிற்பார்கள். நீ மட்டும்தான் வேறு ரகம். நான் ஊதுவதற்கு முன்பே உன் கை மேலே போய்விடும். நான் பார்க்காத ஃபவுலுக்கும் தூக்குவாய். ஏண்டா இப்படி என்று ஒருநாள் கேட்டதற்கு, "பட்டது எனக்குத்தான தெரியும்? நீ அங்கிட்டு நிக்கிற, உனக்கு என்னத்தத் தெரியும்?" என்றாய். எனக்குக் கோபம்தான். ஆனால் உன் கை எழுந்தால் நான் யோசிக்காமல் ஊதுவேன். அவ்வளவு நம்பிக்கை.

ஒரு மழைக்காலத்தில் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். பெரியாஸ்பத்திரியில் உன்னைக் கிடத்தியிருந்ததைப் பார்த்து நான் வராந்தாவில் நின்று அழுதேன். அது உனக்குத் தெரியாது. இனி ஓடக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். தலையை ஆட்டினாய். பொங்கல் முடிந்ததும் மேலூர்க்காரர்களோடு ஆட்டம் என்று கேள்விப்பட்டதும் ஆட்டிய தலையை மறந்துவிட்டாய்.

ஆட்டத்தன்று காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது உன் வீட்டுக்காரி வந்தாள். நிச்சயதார்த்தத்துக்குப் போவதாக நீ அவளிடம் அளந்திருக்கிறாய். நிச்சயதார்த்தத்துக்கு எதற்குக் கேன்வாஸ் ஷூ?

"அவர என்னால தடுக்க முடியலண்ணே" என்றாள். "போகட்டும், ஆடட்டும். ரொம்ப நேரம் மட்டும் ஆட விட்டுறாதீங்க. நீங்க ஊதுனா நின்னுருவாரு. நான் வந்தேன்னு அவருக்குத் தெரிய வேணாம்."

"நான் இருக்கேன்ல தங்கச்சி. உக்கார வச்சுர்றேன்" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல்.

பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாய். ஒத்தக்கடை தாண்டும்போது, கொஞ்ச நேரம் ஆடினால் போதாதா என்று மெல்லப் பேச்சை எடுத்தேன். "படுத்துக் கெடந்தா மட்டும் நிக்காதாக்கும் அது?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். பிறகு என் தொடையில் ஓங்கி ஒரு தட்டு. "எல்லாருக்கும் ஊதுற மாதிரி எனக்கும் ஊது. பாவம் பாத்து பொய்யா ஊதுன, அம்புட்டுதான், ஒங்கூடப் பேச்சே கெடையாது." அதற்கும் சரி என்றேன். ஒரே நாளில் புருஷனுக்கு ஒரு வாக்கு, பெண்டாட்டிக்கு ஒரு வாக்கு.

மேலூர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு அப்போதுதான் போட்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்கியது. நான் ஓடினேன், ஆனால் பந்தோடு ஓடவில்லை. நீ நின்றால் நின்றேன். நீ குனிந்து முழங்காலைப் பிடித்தால் விசில் என் வாய்க்குப் போனது. உன் உதட்டின் நிறத்தைப் பார்த்தேன், கழுத்து நரம்பைப் பார்த்தேன். பந்து எங்கே போனதென்று கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மறுபக்கம் ஊதிக்கொண்டிருந்தவர் அந்த ஊர் டிரில் மாஸ்டர். "சார், எங்க பாக்குறீங்க? அந்தாளு பந்தத் தூக்கிட்டு வீட்டுக்கே போயிருவாரு போல" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு யாரையாவது அடிக்கலாம் போலிருந்தது. உன்னைத்தான்.

இடைவேளை முடிந்தும் நீ உட்காரவில்லை. உனக்கு நாலு ஃபவுல் ஆகியிருந்தது. நாலுக்கும் நீயே கை தூக்கியிருந்தாய். இன்னும் ஒன்று ஆனால் விதிப்படி வெளியே போக வேண்டும். ஒரே ஒரு பொய் விசில் போதும், உன் வீட்டுக்காரிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிடலாம். ஊதலாமா என்று நினைப்பேன், உன் முகத்தைப் பார்ப்பேன், விசிலைக் கடித்துக்கொள்வேன். எத்தனை முறை என்று எனக்கே தெரியாது. நீ இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

அப்புறம்தான் அது நடந்தது. மேலூர்க்காரர் ஒருவர் கூடைக்குக் கீழே எம்பினார். நீயும் எம்பி, பந்தை மட்டும் தட்டினாய். சுத்தமான தட்டு. பந்து கோட்டுக்கு வெளியே உருண்டது. அன்று முழுக்க நான் ஒழுங்காகப் பார்த்தது அந்த ஒன்றைத்தான். உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேனே! யாரும் ஃபவுல் கேட்கவில்லை. நான் ஊதவில்லை. நீ என்னை நேராகப் பார்த்துக் கையைத் தூக்கினாய்.

"அண்ணே, எம்மேல படவே இல்லண்ணே" என்றார் அந்த மேலூர்க்காரர்.

"பட்டுச்சுய்யா. எனக்குத் தெரியாதா?" என்றாய்.

அப்போது நான் ஊதினேன். மேசையைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். நீ நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தாய். எனக்குக் கால் தரையில் பாவியது போலிருந்தது. அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

திரும்பும் பஸ்ஸில் ஆனைமலை தெரிகிற வரைக்கும் நீ ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாய். பிறகு, "ஒரு தடவயாச்சும் பந்தப் பாத்தியாடா மாப்ள?" என்று கேட்டுச் சிரித்தாய். நெஞ்சு வலித்ததா, இல்லை எனக்காகத் தூக்கினாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வலித்தது என்றாலும் தாங்க மாட்டேன், எனக்காக என்றாலும் தாங்க மாட்டேன்.

அதோடு நீ ஷூவைத் தொடவில்லை. ஆட்டம் எங்கே நடந்தாலும் வந்து மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டுவாய். "ரெஃப்ரிக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா!" அப்படியே சில வருஷம் ஓடியது. வாடிப்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவன் அங்கேயே பஸ்ஸுக்கு நிற்கும்போது சாய்ந்துவிட்டாய், பிறகு எழவேயில்லை. நான் அந்நேரம் ஒத்தக்கடையில் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த உன் மகன் கோட்டோரம் நின்று என்னைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் ஊதிவிட்டேன். பந்து வெளியே போகவில்லை, யாரும் ஃபவுல் செய்யவில்லை. ஏன் ஊதினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு உன் வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு மேலூர்ல இருந்து வந்ததுமே சொன்னாருண்ணே. 'ஒங்கண்ணன் உனக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்திட்டான், என்னய வெளிய அனுப்பிச்சுட்டான்'னு. நான் வந்து ஒங்ககிட்டச் சொன்னது அவருக்கு எப்படித் தெரியும்னு இன்னும் வெளங்கல. நீங்க மட்டும் ஊதலேன்னா இம்புட்டு வருசம் எனக்கு அவரு இருந்திருப்பாரா?"

பஸ்ஸிலேயே என் மூஞ்சியைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பாய். படுபாவி, ஒரு வார்த்தை சொன்னாயா?

அதற்குப் பிறகும் மார்க்கெட்டிலோ பஸ் ஸ்டாண்டிலோ பார்க்கும்போதெல்லாம் அவள் அதையே சொல்லிக் கண் கலங்குகிறாள். போன வாரமும் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னாள். இத்தனை காலம் அடுத்தவர் கையை எல்லாம் தூக்க வைத்தவன் நான். அதைக் கேட்டதும், ஃபவுல் செய்தவன் கை போல என் கை தானாக மேலே எழுந்தது. காதுவரை போய்விட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பஸ் வந்துருச்சு தங்கச்சி, வாரேன்" என்றேன். பஸ் வரவில்லை.