அத்தைக்கு ஒரு நாற்காலி

தம்பி ஃபெலெட்டி,

பல்கலைக்கழகம் என் ஆராய்ச்சிக்கு விருது அறிவித்த அன்றே போன் செய்தாய். "நான் இறக்குமதி பண்ற ஆட்டு விலாக்கறியால சர்க்கரை நோய் வருதுன்னு எழுதின பக்கத்தை மட்டும் எடுத்துடுக்கா" என்றாய். எடுக்க மாட்டேன். பன்னிரண்டு வருஷம் டோங்கா தீவுகள் முழுக்க வீடு வீடாக அலைந்து எழுதின பக்கம் அது.

எடுக்காவிட்டால் உன் மகள் கல்யாணத்துக்கு நான் வரக் கூடாதாமே. அத்தை உட்காராத கல்யாணத்தை நம் ஊரில் எவன்டா மதிப்பான்? வருவேன். விருந்தில் அந்தக் கொழுப்புக் கறி ஒரு துண்டு இருந்தாலும் என் ஆசீர்வாதம் கிடையாது.

பாயில் இனி உட்கார முடியாது. எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை. நானும் அந்தக் கறியைத் தின்று வளர்ந்தவள்தானே. போன செவ்வாய்க்கிழமை என் இடது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

உன் அக்கா