சுருங்கி வந்த பாத்திக்

மார்ச் 4

அக்காவுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தவரை போதும். இரண்டு வருடமாக நீ சாயம் போட்டு அனுப்பும் துணியை ஒட்டுப்போர்வையாகத் தைத்து, ஒரு வரிகூட எழுதாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். கண்காட்சியில் அத்தனை பேர் முன்னால், “வேலையெல்லாம் என்னுது, தம்பி சும்மா மூட்டித்தான் குடுப்பான்” என்றாயே, அதை நான் மறக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் துணி கொஞ்சம் கோணித்தான் வந்தது, ஆனால் இந்தத் தடவை நீ மெழுகுச் சாயம் போட்டு அனுப்பிய பாத்திக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நடுவில் பூக்கள் கொப்புளம்போல் உப்பியிருக்கின்றன, ஓரம் அலையடிக்கிறது. சதுரமாக வெட்டிக் கையில் எடுத்தால் சாய்சதுரம்! கஞ்சி தெளித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தும் படியவில்லை. பிறக்கப்போவது உன் மகள் வயிற்றுப் பேரக்குழந்தை. அதன் போர்வையிலுமா அவசரம்?

இப்படிக்கு,
சும்மா மூட்டிக் கொடுப்பவன்

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

திட்டுவதற்காவது பேனா எடுத்தாயே, அதுவே சந்தோஷம். அவசரம் இல்லையடா. முன்பெல்லாம் மெழுகு போகக் கொதிக்கவைத்த துணியை நாம் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, மூலைக்கு மூலை இழுப்போமே! இப்போது ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு நான் மட்டும் இழுக்கிறேன். கோணாமல் என்ன செய்யும்? கூலிக்கு ஒருவனை வைத்தேன். துணியோடு என்னையும் சேர்த்து இழுத்துவிட்டான்.

உன் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். “மாமாவுக்குப் பதிலா கதவாம்மா? பரவால்ல, இது கோவிச்சுக்காது.”

அன்றைக்கு எனக்கு வாய் நீண்டுவிட்டது. தப்புதான். துணி உதவாது என்றால் தூக்கிப் போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் மெல்லிய மல் துணி கொடுத்து, கொப்புளங்களை நசுக்காமல் சுற்றிச் சுற்றித் தையல் ஓட்டினேன். உள்ளே பஞ்சு ஏறியதும் பூக்கள் எழும்பி நிற்கின்றன. நன்றாகத்தான் இருக்கிறது. காலையிலிருந்து எத்தனை தடவை விரித்துப் பார்த்தேன் என்பதை மருமகளிடம் சொல்லப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போர்வையோடு வருகிறேன். அடுத்த துணியைக் கொதிக்கப்போட்டு வை. ஒரு முனையை நான் பிடிக்கிறேன். சமாதானத்துக்கு வருவதாக நினைத்துக்கொள்ளாதே. துணி பாழாவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். கண்காட்சிக் கோபம் அப்படியே இருக்கிறது.

கீழே என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். ‘அன்புத் தம்பி’ என்று எழுத இன்னும் கை வரவில்லை. வேறு எதை எழுதினாலும் பொய்யாக இருக்கும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.