சுடர் தைக்காத அட்டை

அடி அண்ணாமலைப் பேரரசின் பட்டத்து இளவரசியான மருமகளுக்கு,

உன் மாமன் சுகம். சிங்கத்துக்குப் பல் தேய்த்துவிடும் அளவுக்குச் சுகம்.

இதோடு உன் அம்மா செய்த கார்த்திகை தீப வாழ்த்து அட்டை வருகிறது. வழக்கம்போல ஊசியால் துளை போட்டு, மலை முழுக்கப் பச்சை நூல் ஓட்டியிருக்கிறாள். உச்சியில் சுடருக்குத் துளைகள் மட்டும்தான் இருக்கின்றன. கோபித்துக்கொள்ளாதே.

நானே தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏழாயிரம் ஊசிகளை முறித்தேன். விரலில் வழிந்த ரத்தத்தில் செங்கம் ரோட்டில் பஸ்ஸே ஓடவில்லை. கட்டிலில் படுத்தபடி பார்த்த உன் அம்மா, வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரித்தாள்.

"வுடுடா தம்பி. கை சரியாவட்டும், நானே போடறேன்."

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

"புது வேலைக்குப் போயிருக்கா. போன்ல எதுவும் சொல்லிடாத" என்று என் தலையில் இடது கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் சத்தியம் தவறாத சக்கரவர்த்தி. போனில் மூச்சு விட மாட்டேன்.

சுடருக்கான ஆரஞ்சு நூல் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. என்னைத் தொட விடுவதில்லை. உன்னை விடுவாள். அட்டையை எடுத்துக்கொண்டு வா. தீபம் வரைக்கும் காத்திருக்காதே.

இப்படிக்கு,
ஊசியிடம் தோற்ற உன் தாய்மாமன்